சபையில் நிற்கும் கேள்வி

திருத்தணி வட்டாரத்தில் கோடை பிறந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கிவிடும். பிற்பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் விடிய விடியக் கூத்து, இடையில் ஒருநாள் அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவது, கடைசியில் துரியோதனன் படுகளமும் தீமிதியும். இந்த வரிசையில் துகிலுரிதல் நடக்கும் இரவு தனியானது. துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றி, எதிரில் நிற்பவரை அம்மனாகவே எண்ணிக் கும்பிட்டுவிட்டுத்தான் அந்தக் காரியத்தைச் செய்வது பல கூத்து ஜமாக்களில் வழக்கம். திரௌபதியாக நிற்பவர் பெரும்பாலும் ஆண். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பெண்கள் அழுகிறார்கள், சிலருக்குச் சாமி வருகிறது. அந்த அழுகைக்கு நடுவே திரௌபதி சபையைப் பார்த்துக் கேட்கிறாள்: தன்னையே முதலில் தோற்றுவிட்ட ஒருவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை? தர்மம் படித்த பெரியவர்கள் அத்தனை பேரும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். தர்மத்தின் போக்கு நுட்பமானது என்று சொல்லி பீஷ்மர் ஒதுங்கிக்கொள்கிறார். கண்ணன் சேலை கொடுத்து மானத்தைக் காப்பாற்றுகிறான். அவள் கேட்டதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

கோயிலைச் சார்ந்த மேடை தர்மத்தைப் போதிக்கிற இடம் என்று பொதுவாகச் சொல்கிறோம். அதன் மையக் காட்சியோ, தர்மம் தெரிந்தவர்களிடம் பாதிக்கப்பட்டவள் நியாயம் கேட்கும் காட்சி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஆணை விரும்பும் ஆணும் பெண்ணை விரும்பும் பெண்ணும் தங்களுக்கான நியாயத்தைக் கேட்க அந்த மேடையில் இடம் உண்டா? வெகுமக்கள் நாடகம் என்று நான் சொல்வது, இந்த விஷயத்துக்கென்று தேடிப்போய் டிக்கெட் வாங்கமாட்டாதவர்கள் உட்கார்ந்திருக்கும் நாடகத்தை. அந்த நாடகத்தால் ஊரின் பார்வையை மாற்ற முடியுமா? முடியும் என்பதும், நம் சமயம் அதற்குத் தடையாக நிற்கத் தேவையில்லை என்பதும் என் துணிபு. எப்படி மாற்றுகிறது என்பதில் மட்டும் பலரும் சொல்லும் விளக்கம் போதாது என்று நினைக்கிறேன்.

சட்டம் வந்த வழி ஓரளவு தெரிந்ததுதான். 1860இல் ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, வயது வந்தவர்கள் மனமொத்து வாழும் வாழ்க்கையைத் தொடாது என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் முதல் பெயராக நிற்கும் நவ்தேஜ் சிங் ஜோஹர் ஒரு பரதநாட்டியக் கலைஞர். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரு பெண்களின் வழக்கை 2021இல் விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தீர்ப்பு எழுதும் முன் தமக்கே இதில் தெளிவு வேண்டும் என்று ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டறிந்தார். தன்பாலீர்ப்பைக் குணப்படுத்துகிறோம் என்று நடக்கும் முயற்சிகளுக்குத் தடையும் விதித்தார். 2025 மே மாதம் வேலூர் மாவட்டத்துக் காவல்துறையை எதிர்த்து வந்த வழக்கில், பெற்றோர் பிடித்துவைத்திருந்த பெண்ணை அவர் விருப்பப்படி போகவிட்டு, குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் எழுதினார்கள். தன்னை அடித்ததாகவும், சரியாகிவிட வேண்டும் என்று சில சடங்குகளுக்கு உட்படுத்தியதாகவும் அந்தப் பெண் சொன்னது தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. இக்கட்டுரை எழுதத் தூண்டியவை அந்தச் சடங்குகள்தாம். பெற்றவர்கள் பிள்ளையைத் துன்புறுத்தும்போது கடவுளைத் துணைக்கு அழைக்க முடிகிறது என்றால், கடவுளின் முற்றத்தில் நடக்கும் நாடகத்துக்கு அதில் ஒரு கடமை இருக்கிறது.

பெற்றோர் அந்த நிலைக்கு எப்படி வருகிறார்கள்? சாஸ்திரம் படித்து முடிவெடுத்து வருபவர்கள் மிகச் சிலர். நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது, கூடப் பிறந்தவளுக்கு எப்படி வரன் வரும், பங்காளிகள் என்ன பேசுவார்கள் என்ற பயம்தான் முதலில் வருகிறது. சமயக் காரணம் அதற்குப் பின்னால் வந்து சேர்கிறது. பெற்ற பிள்ளையின் மேல் பாசம் இல்லாமல் போய்விடுவதில்லை. பாசம் இருந்தும் ஊருக்கு அஞ்சுகிறார்கள். ஆகவே ஒவ்வொருவர் மனத்திலும் இரக்கத்தை ஊட்டினால் போதும் என்று நாடகக்காரர்கள் நினைத்தால் வேலை பாதியில் நின்றுவிடும். தனியாகக் கேட்டால் இரங்கிப் பேசுகிறவர், நாலு பேர் சேர்ந்தால் கல்லாகிவிடுவார். மற்றவர்களும் தன்னைப் போலவே உள்ளுக்குள் இரங்குகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அதைத் தெரியவைக்கிற ஆற்றல் புத்தகத்துக்கு இல்லை. தனியாகக் கைப்பேசியில் பார்க்கும் படத்துக்கும் இல்லை. நூறு பேர் ஒரே நேரத்தில் அழுவதை நூறு பேரும் பார்க்கிற இடம் நாடகக் களரி.

இதற்கு வலுவான சான்று ருவாண்டாவிலிருந்து கிடைக்கிறது. 1994 இனப்படுகொலைக்குப் பிறகு அங்கே இரு கிராமங்களின் பகையையும் அதைத் தாண்டிய காதலையும் வைத்து ‘முசெகெவெயா’ என்ற வானொலி நாடகம் ஒலிபரப்பானது. எலிசபெத் பாலக் என்ற உளவியல் ஆய்வாளர், சில ஊர்களில் மக்கள் கூடி உட்கார்ந்து இந்த நாடகத்தையும், வேறு சில ஊர்களில் உடல்நலம் பற்றிய நாடகத்தையும் ஓராண்டு கேட்கச் செய்து ஒப்பிட்டார். 2009இல் வெளியான முடிவு பலரும் எதிர்பார்க்காதது. கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. சமூகத்தில் எது வழக்கம், எப்படி நடந்துகொள்வது சரி என்று அவர்கள் வைத்திருந்த எண்ணம் மாறியது, நடத்தையும் மாறியது. மனம் மாறுவதற்கு முன்னால் ஊர் வழக்கு மாறலாம் என்பது இதன் பொருள். மேடை நாடகம் தனிமனத்தையும் தொடுகிறது என்பதற்கு 2021இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றும் இருக்கிறது. நாடகம் பார்க்கப்போகிறவர்களில் சிலரை உள்ளே போகும் முன்பும் சிலரை வெளியே வந்த பின்பும் கேட்டார்கள். பார்த்து வந்தவர்களிடம் பரிவு கூடியிருந்தது; நன்கொடையும் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஆனாலும் அவர்கள் விரும்பி டிக்கெட் வாங்கிப் போனவர்கள். நம் கேள்விக்கு ருவாண்டா நெருக்கமானது.

தமிழ் மேடையின் வரலாறும் இதையேதான் சொல்கிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டத்தை, தேசிய இயக்க காலத்து நடிகர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். விரட்டப்படும் வெள்ளைக் கொக்கு வெள்ளைக்காரனானது. கதை மாறவில்லை, முருகன் முருகனாகவே இருந்தார், நாடகத்துக்கு வந்த கூட்டமும் பக்திக்காக வந்த கூட்டம்தான். அந்தப் பாட்டுக்கு எழுந்த கைதட்டலில், ஊரில் எத்தனை பேர் தன்னைப் போலவே நினைக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் அறிந்துகொண்டார். 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரசு நடிகர்களைச் சிறைக்கு அனுப்பியதும் அந்தக் கைதட்டலுக்கு அஞ்சித்தான். அவர்களில் முதன்மையான விஸ்வநாத தாஸ், முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர். சாதியால் தாழ்த்தப்பட்ட ஒருவரின் உருவில் முருகனை ஊர் கும்பிட்டது. 1940 டிசம்பர் 31 இரவு சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேஷத்தில் மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. தேச விடுதலை, சாதி என்ற இரண்டு விஷயங்களிலும் ஒரே நேரத்தில் பார்வையாளரை அசைத்த மேடை அது, அதுவும் ஒரு பக்தி நாடகத்துக்குள்ளேயே.

இன்னும் நெருக்கமான முன்னுதாரணம் திருமணம் பற்றியது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் 1920களின் இறுதியில் தொடங்கின. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி நடந்த ஒரு திருமணத்தைச் சட்டப்படி செல்லாதது என்றது. அந்த இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பின்னும் திராவிட இயக்கத்தார் பொதுக்கூட்டத்தோடு நாடகத்தையும் சேர்த்தே கொண்டுபோனார்கள். கே.ஆர். ராமசாமியின் நாடக சபை ஊர் ஊராக நடத்திய அண்ணாவின் ‘வேலைக்காரி’யில் ஜமீன்தாரின் மகன் வேலைக்காரப் பெண்ணை மணந்தான். மேடையில் அதை ஏற்று ஆரவாரித்த கூட்டம், வெளியே அப்படி ஒரு திருமணம் நடந்தால் முன்போல் அதிரவில்லை. 1967இல் அண்ணாவின் அரசு அந்தத் திருமணங்களைச் செல்லும் என்று ஆக்கியபோது, மக்கள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருந்த ஒன்றுக்குத்தான் முத்திரை வைத்தது. பேச்சு, பத்திரிகை, கட்சி எல்லாம் சேர்ந்த வேலை அது. நாடகம் மட்டும் செய்ததாகச் சொல்ல மாட்டேன். இன்று ஒருபால் இணையர்களுக்கு உள்ள நிலை அதே போன்றது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களுக்குத் திருமண உரிமையை வழங்க மறுத்து, அது நாடாளுமன்றம் முடிவுசெய்ய வேண்டியது என்று விட்டுவிட்டது. நாடாளுமன்றமும் சட்டமன்றமும் ஊரின் காற்றைப் பார்த்துத்தான் அசையும்.

இங்கே கடினமான ஒரு மறுப்பு வரும். வள்ளி கல்யாணத்தை எத்தனை தலைமுறையாகப் பார்த்துவிட்டோம்? திருத்தணி மலையில் மாசிப் பிரம்மோற்சவத்தில் ஆண்டுதோறும் வள்ளி கல்யாணம் நடக்கிறது. வேடர் குலத்துப் பெண்ணைக் களவில் காதலித்து, வீட்டார் அறியாமல் அழைத்துக்கொண்டு போய், துரத்தி வந்த தகப்பன் படையோடு மோதியவர்தான் நாம் கும்பிடும் முருகன். அந்தக் காதலர்கள் பக்கமே நின்று பார்த்த ஊர்களில், சாதி மாறிக் காதலித்ததற்காகப் பெற்றவர்களே பிள்ளைகளைக் கொன்றிருக்கிறார்கள். மேடையின் இரக்கம் வீடு வரை வரவில்லையே? இந்த மறுப்பை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கதை காலப்போக்கில் தெய்வத்தின் தனி உரிமையாகிவிட்டால் அது யாரையும் தொந்தரவு செய்வதில்லை. முருகன் செய்தால் லீலை, பக்கத்து வீட்டுப் பையன் செய்தால் குற்றம் என்று மனம் பிரித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் கொக்குப் பாட்டு முக்கியமாகிறது. புராணத்துக்குள் ஒரு கணம் இன்றைய வாழ்க்கை நுழைந்தபோதுதான் அந்த நாடகம் வேலை செய்தது. பாரதியார் பாஞ்சாலியின் சபதத்தை அடிமைப்பட்ட நாட்டின் துயரமாக்கியதும் அதே முறையில்தான். புராணம் மட்டும் இருந்தால் பார்வையாளர் கும்பிட்டுவிட்டுப் போவார். இன்றைய செய்தி மட்டும் இருந்தால் எழுந்து போய்விடுவார். இரண்டும் ஒரே களரியில் சந்திக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு, என் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கே சொல்ல வேண்டியது. மோகினியாக வந்து அரவானை மணந்த கண்ணன், விராட நகரத்தில் பிருகன்னளையாக இருந்த அர்ச்சுனன், சிகண்டி என்று அடுக்கி, நம் மரபு தன்பாலீர்ப்பை முன்பே ஏற்றுக்கொண்டது என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்வது சரியல்ல. அவை உடலும் பாலும் மாறும் கதைகள். ஆண் ஆணாகவே இருந்து ஆணை விரும்புவதைப் பற்றி அவை பேசவில்லை. கூத்தில் ஆண் பெண் வேஷம் கட்டுவதும், எல்லைக்கு அப்பால் குச்சிப்புடியில் வேதாந்தம் சத்தியநாராயண சர்மா சத்தியபாமாவாக ஆடி ஆந்திரத்தையே மயக்கியதும் மேடை மரபு. பார்வையாளர் அதை ஏற்றதால் வேஷக்காரரின் சொந்த வாழ்க்கையை ஏற்றுவிட்டார் என்று ஆகாது. கூவாகத்தில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழும் திருநங்கைகளுக்கும் அந்தத் திருவிழா மட்டும் மதிப்பைத் தந்துவிடவில்லை. நாடக இயக்குநர் மங்கையின் இயக்கத்தில் கண்ணாடிக் கலைக்குழுவின் திருநங்கைகள் தங்கள் கதையைத் தாங்களே நடித்ததும், லிவிங் ஸ்மைல் வித்யா மேடையேறியதும், எழுத்தாளர் ரேவதி தம் வாழ்க்கைக் கதையான ‘வெள்ளை மொழி’யைத் தனிநடிப்பாகக் கொண்டுபோனதும், நர்த்தகி நடராஜ் சபாக்களில் ஆடி 2019இல் பத்மஸ்ரீ பெற்றதும் சேர்ந்துதான் பார்வையை நகர்த்தின. மரபு ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. சொந்தக் குரலில் பேசியவர்கள் அதன் வழியாக நடந்து வந்தார்கள். தன்பாலீர்ப்பாளர்களுக்கு அந்த வாசல்கூட இல்லை. அவர்கள் வேஷத்தால் அடையாளம் தெரிபவர்கள் அல்லர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கூத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே அவர்களுக்கு நாடகம் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

சரி, தெய்வ சன்னிதிக்கு எதிரில் இதைப் பேசுவது தர்மத்துக்கு அடுக்குமா? ஸ்மிருதிகளில் இதற்குக் கழுவாய்களும் தண்டங்களும் சொல்லப்பட்டிருப்பது உண்மை. மனு ஆண்களுக்கு உடுத்திய துணியோடு நீராடச் சொல்கிறது. வேறோரிடத்தில் சாதி நீக்கமும், பெண்கள் விஷயத்தில் கொடிய தண்டனையும் சொல்கிறது. அதே நூல் சூத்திரர்களுக்கும் பெண்களுக்கும் சொன்ன பல விதிகளை நாம் விட்டுவிட்டோம். விட்டதால் இந்து சமயம் அழியவில்லை. 1888இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், சமூக விதிகள் காலத்தோடு மாறுவதே இந்து தர்மத்தின் இயல்பு என்று தம் நூல்களில் வற்புறுத்தியவர். அவர் தன்பாலீர்ப்பைப் பற்றி வாதாடினார் என்று சொல்ல வரவில்லை. அவர் தந்த அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன். சைவ சித்தாந்தம் இன்னும் ஒரு படி உதவுகிறது. உயிருக்கு ஆண், பெண் என்ற பால் கிடையாது. உடலும் கருவிகளும் உலகமும் நுகர்ச்சியும் மாயையிலிருந்து உயிருக்குக் கூட்டுவிக்கப்படுபவை. அப்படியானால் விருப்பமும் பந்தம்தானே, அதற்கு ஏன் உரிமை என்று கேட்கலாம். பந்தம்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலுள்ள விருப்பமும் அதே அளவுக்குப் பந்தம். அந்தப் பந்தத்தை அன்பும் விருந்தோம்பலும் சுற்றம் பேணலும் கொண்டு அறமாக்குவதைத்தான் இல்லறம் என்கிறோம். இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் துணையாக, வந்தவருக்குச் சோறிட்டு, முதிய பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தால் அது இல்லறத்தின் எந்த இலக்கணத்தில் தவறுகிறது? பிள்ளைப்பேறு என்று சொல்வார்கள். பிள்ளையில்லாத தம்பதியை எந்தக் கோயில் வாசலிலும் யாரும் மறித்து இல்லறத்தாரா என்று கேட்பதில்லை.

நாடகமே சமூகத்துக்கு எதிரான பிரச்சாரமாகிவிடும், எதிர்ப்பு கிளம்பி இருப்பதும் கெட்டுவிடும் என்ற அச்சமும் நியாயமானது. இரு பெண்களின் காதலைக் காட்டிய ‘ஃபயர்’ படம் 1998இல் ஓடிய திரையரங்குகள் மும்பையிலும் டெல்லியிலும் தாக்கப்பட்டதை மறக்க முடியாது. மேடையிலும் முன்னோடிகள் உண்டு. விஜய் தெண்டுல்கர் 1981இலேயே மராத்தியில் ‘மித்ராச்சி கோஷ்ட’ எழுதினார். மகேஷ் தத்தானி 1990களின் இறுதியில் ஆங்கிலத்தில் எழுதினார். துணிவான வேலைகள். ஆனால் ஒன்றில் பெண்ணை விரும்பும் நாயகி அழிந்துபோகிறாள். மற்றொன்றின் மொழியும் அரங்கும் பெருநகரத்துக்கு உரியவை. இப்படிப்பட்டவர்களின் முடிவு சாவுதான் என்று பெற்றோர் ஏற்கெனவே நம்புகிறார்கள். மேடையும் அதையே காட்டினால் பயம்தான் உறுதிப்படும். அமெரிக்காவின் லாரமி நகரம் இதில் நமக்கு அதிகம் கற்றுத்தரும். 1998 அக்டோபரில் மாத்யூ ஷெப்பர்ட் என்ற கல்லூரி மாணவர், தன்பாலீர்ப்பாளர் என்பதால் அங்கே அடித்துக் கொல்லப்பட்டார். மொய்செஸ் காஃப்மனின் குழு அந்த ஊருக்கே போய் மதகுருமார்கள், கடைக்காரர்கள், போலீஸ்காரர்கள் என்று ஊராரிடம் பேசி, அவர்கள் சொன்ன சொற்களைக் கொண்டே நாடகம் ஆக்கியது. 2000இல் அதே லாரமியில் அது நடந்தது. இறந்த மாணவர் அந்த நாடகத்தில் ஒரு பாத்திரமாக வருவதில்லை, ஊர்தான் பாத்திரம். பின்னர் பள்ளிகளும் சிறு நகரக் குழுக்களும் அதை எடுத்து நடித்தன. எதிர்ப்பும் இருந்தது. என்றாலும் தம்மையே மேடையில் பார்த்த ஊர், பழையபடி வெளியாள் சொல்லும் கதை என்று அதைத் தள்ளிவிட முடியவில்லை.

நமக்கு இதன் பொருள் என்ன? முதலில் சிரிப்பு மாற வேண்டும். கூத்தில் கட்டியக்காரனும் சபா நாடகத்தில் நகைச்சுவை நடிகரும் நளினமாக நடக்கும் ஆணைக் காட்டிச் சிரிக்கவைத்தே பழகியிருக்கிறார்கள். அந்த ஒரு சிரிப்பில் ஊர் தன் வழக்கை உறுதிசெய்துகொள்கிறது. கூட்டத்தில் இருக்கும் பதினைந்து வயதுப் பையன் வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறான். எந்தப் புதுக் காட்சியையும் சேர்ப்பதற்கு முன் இதை நிறுத்தலாம், இதற்குப் பணமோ அனுமதியோ வேண்டியதில்லை. அடுத்தது, முதல் ஆபத்தைக் கூத்து ஜமாக்களின் தலையில் வைக்கக் கூடாது. விழாக் குழு அழைத்தால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பெரியும். ஒரு ஊரில் கலகம் வந்தால் அடுத்த ஊர் கூப்பிடாது. சென்னையின் சபா குழுக்களும் கல்லூரி நாடக மன்றங்களும் அரசின் இயல் இசை நாடக மன்றமும்தான் அதை முதலில் தாங்க வேண்டும். போலீஸ் அனுமதிக்காகப் பிரதியை நீட்டச் சொன்ன 1954ஆம் ஆண்டு மாநில நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, ‘பரீக்‌ஷா’ நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இலேயே உயர் நீதிமன்றம் ரத்துசெய்துவிட்டது. சட்டம் தடுக்கிறது என்ற சாக்கு இனி இல்லை.

எழுதப்பட வேண்டிய பாத்திரமும் நம் கையிலேயே இருக்கிறது. காதலர்களைப் பற்றி எழுதத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். பெற்றோர் நிறைந்த கூட்டத்துக்கு வேண்டியவர் வள்ளியின் தகப்பன் நம்பிராஜன். கந்தபுராணத்தில் கச்சியப்பர் அவரை வெறும் வில்லனாக விடவில்லை. மகளைக் காணாமல் ஆயுதத்தோடு துரத்தி வருகிறார், தன் ஆட்களோடு வீழ்கிறார், வள்ளியாலேயே உயிர் பெற்று எழுகிறார், பிறகு குடிக்கு அழைத்துப்போய்த் தானே மகளைக் கைப்பிடித்துக் கொடுக்கிறார். அதற்குப் பின்புதான் முருகன் வள்ளியோடு தணிகை மலைக்கு வருகிறார். மகளை அடைத்துவைத்து, சரியாகட்டும் என்று சடங்கு செய்யும் இன்றைய தகப்பனுக்கு நம்பிராஜனின் இடத்தைக் கொடுத்து எழுத வேண்டும். அவருடைய கோபமும், ஊருக்கு அஞ்சி அவர் சொல்லும் ஒவ்வொரு காரணமும் முழு வலுவோடு மேடையில் ஒலிக்க வேண்டும். அவர் திரும்பி வருவதற்கும் அதே அளவு நேரம் தர வேண்டும். கேலிக்கு உரிய வேஷமாக அதை யாரோ ஒரு புதியவரிடம் தள்ளிவிடக் கூடாது. துரியோதனன் கட்டும் முதல் வேஷக்காரரே அதைக் கட்ட வேண்டும்.